தேதி போடாத கடிதம்

ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போனால், ரிசப்ஷனில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கொள்கை வாசகங்களை நான் படிப்பதில்லை. பெர்சனல் ஃபைல்களில் கைக்கு வந்த ஒன்றை எடுத்துத் தேதிகளைப் பார்ப்பேன். மெமோ என்றைக்கு அடித்தார்கள், தொழிலாளி அதை வாங்கி என்றைக்குக் கையெழுத்துப் போட்டார், விளக்கம் எழுத எத்தனை நாள் விட்டார்கள், தண்டனை உத்தரவு என்றைக்கு வந்தது. நான்கும் ஒரே வாரத்துக்குள் அடங்கிவிட்டால், முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காகிதத்தைப் பிறகு தயார் செய்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் நேர்மை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு அரைமணி நேரம் போதும்.

இந்தப் பழக்கம் நூற்பாலையில் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, கோவைக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஆலையில் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்றது அன்றைய 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு. எனக்கு அங்கே நாற்காலி கிடைத்தது அந்தப் பிரிவின் புண்ணியத்தில்தான். நிர்வாகம் என்னைத் தேடிக் கூப்பிட்டதாக நான் ஒருபோதும் நினைத்துக்கொண்டதில்லை.

அந்த நாற்காலிக்கு ஒரு முன்கதை உண்டு. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, ஆளை வெளியே அனுப்புவது எல்லாமே ஒரு காலத்தில் மேஸ்திரி கையில் இருந்தது. வேலையில் சேர மாமூல், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் மறுபடி சேர மாமூல். 1929-ல் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன், விட்லி கமிஷன் என்றால் பலருக்கும் தெரியும், 1931-ல் கொடுத்த அறிக்கையில், இந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசர் என்று ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. நம்முடைய தொழில் பிறந்ததே மாமூலை ஒழிக்கத்தான். மனிதவளத்தில் எம்.பி.ஏ. படித்து வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். மேஸ்திரியின் வேலையைச் செய்ய வந்தவர் கொஞ்ச நாளில் மேஸ்திரியாகவே ஆகிவிடுவதும் உண்டு என்று நான் சேர்த்துச் சொல்வேன். அதற்கு மட்டும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

மில்லில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் டைம் ஆபீசில் வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். விண்ணப்பம், பி.எஃப். நாமினேஷன், இ.எஸ்.ஐ. படிவம், கடைசியில் ஒரு வெள்ளைத்தாள். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு மாதிரி அட்டையைப் பார்த்து அதில் அவர்களே எழுத வேண்டும்: சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், எனது கணக்கை முடித்துத் தரவும். கீழே கையெழுத்து. தேதிக்கு மட்டும் இடம் விடச் சொல்வார்கள். ரிங் ஃபிரேம் சைடர், டாஃபர், கோன் வைண்டிங் பெண்கள் என்று எல்லோருடைய ராஜினாமாவும், அவர்கள் வேலையில் சேர்ந்த அன்றே, ஒரு டிராயருக்குள் போய்விடும். யாரையாவது அனுப்ப நினைத்தால் தேதியை நிரப்பினால் தீர்ந்தது. மெமோ, விசாரணை, நஷ்டஈடு எதுவும் கிடையாது.

புது ஆட்களிடம் அந்தத் தாளை வாங்கி அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மதியம், அரை நைட் ஷிப்ட் ஏறுவதற்கு முன்னால், டிராயரில் இருந்த கட்டை எடுத்துப் படித்துப் பார்த்தேன். கையெழுத்துகள் பலவிதம், பிழை மட்டும் ஒரே விதம். அட்டையை எழுதிய டைம் கீப்பர் ‘விலகிக்கொள்கிறேன்’ என்பதை ‘விலகிக்கொல்கிறேன்’ என்று எழுதிவைத்திருந்தார். அத்தனை பேரும் அப்படியே கொன்றிருந்தார்கள்.

மில் மேனேஜரிடம் போனேன். கொங்கு நாட்டுக்காரர், மரியாதையாகவே அடிப்பார். “ஏனுங்க தம்பி, நீங்க சட்டம் படிக்க வந்தீங்களா, மில்லு நடத்த வந்தீங்களா?” என்றார். நியாயம், மனசாட்சி என்று நான் ஆரம்பித்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பத்துக் கடிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஒரே ஒரு ஆள் லேபர் கோர்ட்டுக்குப் போனால் போதும், எதிர் வக்கீல் இன்னும் நாலு பேருடைய ராஜினாமாவைத் தாக்கல் செய்யச் சொல்வார், அத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பு செய்திருப்பதை நீதிபதியிடம் காட்டுவார், அதற்குப் பிறகு உண்மையாகவே ராஜினாமா செய்துவிட்டுப் போனவர்களின் கடிதம்கூட நிற்காது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். புதிதாக வாங்குவதை நிறுத்தச் சொன்னார். பழைய கட்டு மட்டும் அவருடைய அலமாரிக்குப் போனது. சாவி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

செலவைக் காட்டி நியாயத்தை விற்பது கோழைத்தனம் என்று என் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில் பேசத் தெரியாத மனிதவள அதிகாரி நல்லவராக இருக்கலாம், தொழிலாளிக்கு உபயோகமில்லை. பேச்சு எடுபடாத இடத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் உரிமை அப்போதும் மிச்சமிருக்கும். இரண்டும் வேண்டும்.

அடுத்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம். 2000-க்குப் பிறகு அந்த வட்டாரத்தில் கார் கம்பெனிகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வந்து குவிந்தன. நான் சேர்ந்த இடத்தில் ‘பெர்சனல்’ என்ற போர்டை எடுத்துவிட்டு ‘எச்.ஆர்.’ என்று மாட்டினார்கள். 1970-களின் நடுவில் உதய் பரீக்கும் டி.வி. ராவும் எல் அண்ட் டி நிறுவனத்துக்காக வகுத்துக் கொடுத்த மனிதவள மேம்பாட்டு முறைதான் இந்தியாவில் இந்தப் பெயருக்கு அடித்தளம். எங்களிடம் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. வேலை என்னவோ பழைய வேலைதான். அதில் பெரும்பகுதியை ஒரு எண் தின்றது: 480.

தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்துவிட்டால் அந்தத் தொழிலாளி நிரந்தரம். எந்தத் தேதியில் யாருக்கு 480 முடிகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்னால் ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு எங்கள் தொழிலில் ‘பிரேக் கொடுப்பது’ என்று பெயர். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பையன், அதே மெஷினுக்கு, வேறு கான்ட்ராக்டரின் பனியனும் புது அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு வருவான். கேட்டில் செக்யூரிட்டி அவனைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் எக்செல் என்னிடம்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே குவாலிட்டி துறையிலிருந்து ரிஜெக்ஷன் கணக்கையும் வாங்கி ஒட்டினேன். தேர்ந்த ஆட்கள் பிரேக்கில் போன வாரங்களில் அந்த லைன்களில் கழிவு ஏறியிருந்தது. அதையும், புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்கும் சூப்பர்வைசரின் நேரத்தையும் ரூபாயாக்கிக் காட்டியபோது பிளான்ட் ஹெட் முதல்முறையாகக் காது கொடுத்தார். முக்கியமான மெஷின்களில் இருந்தவர்களைக் கம்பெனியின் சொந்த மஸ்டரில் எடுத்து, தகுதிகாண் காலம் முடிந்ததும் நிரந்தரம் செய்தோம். பேக்கிங், ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுடைய வேலையில் ரிஜெக்ஷன் கணக்கு கிடையாது. செலவைக் காட்டி வாதாடுவதன் எல்லை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

2008 கடைசியில் ஆர்டர் விழுந்தது. ஆட்குறைப்புக்கு, 100 பேருக்குக் குறையாமல் இருக்கிற தொழிற்சாலை அன்றைய சட்டப்படி அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அதனால் எல்லோரும் போகிற வழியில் நாங்களும் போனோம்: விருப்ப ஓய்வுத் திட்டம். விருப்பம் என்ற சொல் அதில் எவ்வளவு இருக்கும் என்பது அதை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. நிர்வாகம் ஒரு ஹோட்டல் ஹாலை எடுத்து, காலையில் அறிவித்து, மதியச் சாப்பாட்டுக்குள் கையெழுத்து வாங்கி, செக்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றது. நான் கேட்டது மூன்று விஷயம். கணக்குத்தாள் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு வாரம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்தை நெருங்கி நிற்கிறவர்களுக்கும் கிராஜுவிட்டி கொடுக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் சண்டை. சட்டத்தில் ஐந்து வருடத் தொடர் சேவை என்று இருந்தது. ஆனால் நாலு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தொண்ணூறுகளிலேயே தீர்ப்பளித்திருந்தது. பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 7,800 ரூபாய் வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 300. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 4,500. ஐந்து வருடத்துக்கு 22,500. கம்பெனிக்கு அது ஒரு விருந்தினர் மாளிகையின் மாதச் செலவுகூட இருக்காது. வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்புகிறவனுக்கு அது நாலைந்து மாத வாடகையும் அரிசியும்.

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கொடுத்ததன் பலன் நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. தொழிலாளர்களைவிட அவர்கள் வீட்டுப் பெண்கள் கணக்குத்தாளைக் கூர்மையாகப் படித்தார்கள். ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். “சார், பி.எஃப். முழுசையும் எடுத்துக்கலாம்னு இவரு சொல்றாரு. பென்ஷன் காசையும் சேத்து எடுத்துட்டா அப்புறம் வேற கம்பெனிக்குப் போனா முதல்லேர்ந்து எண்ணுவாங்களாமே?” அந்தக் கேள்வியை எங்கள் ஃபைனான்ஸில் யாரும் கேட்கவில்லை. ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிவைத்தால் இங்கே பார்த்த வருடங்கள் அடுத்த கம்பெனியின் வருடங்களோடு சேரும். அதை ஒரு பக்கத்தில் எழுதி, மறுநாளே கணக்குத்தாளோடு எல்லோருக்கும் கொடுத்தோம். அந்தம்மா கணவர் கையெழுத்துப் போட்டாரா என்றால், இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையில் தொடர்ந்தார். அப்படிச் சொல்ல முடிந்ததால்தான் அதை விருப்ப ஓய்வு என்று நான் எழுதினேன்.

2009-ல் கோவையிலும் 2012-ல் மானேசரிலும் தொழிற்சாலை வன்முறையில் மனிதவள அதிகாரிகள் உயிரிழந்தார்கள். என் தொழிலில் இருக்கும் எவரும் அந்த இரண்டு செய்திகளையும் மறக்க மாட்டார்கள். பல வாரங்கள் என் வீட்டில் நான் வந்து சேரும்வரை யாரும் சாப்பிடவில்லை. அதன்பிறகு பல இடங்களில் எச்.ஆர். அறைக்குக் கண்ணாடிக் கதவும் கேமராவும் வந்தன. தொழிலாளி உள்ளே வர அப்பாயின்ட்மென்ட் கேட்க வேண்டியதாயிற்று. பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் கதவு மூடியதும் ஷாப் ஃப்ளோரில் நடப்பது எங்கள் காதுக்கு வந்து சேருவது நின்றது. புகைச்சலை முதலில் மோப்பம் பிடிக்க வேண்டியவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன பாதுகாப்பு?

சில வருடங்கள் கழித்து வேலையை விட்டு ஆலோசகரானேன். சம்பளக்காரராக இருந்தவரை மறுப்பதற்கு ஒரு முதலாளியிடம்தான் தைரியம் வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் வேண்டும். அந்தத் தைரியத்தை நான் பாங்க் பாஸ்புக்கில் தேடினேன். எந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது. ஆறு மாத வீட்டுச் செலவு தொடாமல் இருக்க வேண்டும். ஆட்குறைப்பில் மிச்சமாகும் பணத்தில் சதவீதம் என்று ஃபீஸ் பேசக் கூடாது; பேசினால் ஒவ்வொரு ஆளின் தலையும் எனக்கு ரூபாயாகத் தெரிய ஆரம்பிக்கும். இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும்: மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மாதம் பிறந்தால் அந்தச் சம்பளம் வந்துவிடும். அது இல்லாமல் இந்த விதிகளை எழுதியிருப்பேனா என்று என்னைக் கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆலோசகருக்கு அடிக்கடி வரும் வேலை, விசாரணை அதிகாரியாக உட்காருவது. வெளியாள் என்றால் நடுநிலை என்று கோர்ட்டில் காட்டலாம் அல்லவா. ஒரு மெஷின் ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முழு நைட்டில், 2.45 முதல் 3.20 வரை மெஷின் பக்கத்தில் தூங்கினார், எழுப்பிய சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று சார்ஜ் ஷீட். கான்டீனுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் விசாரணை. நிர்வாகப் பிரதிநிதி, தொழிலாளி, அவருக்குத் துணையாக ஒரு சக தொழிலாளி. சூப்பர்வைசர் சாட்சி சொன்னார். நான் தமிழில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். இதில் அவசரப்படவே கூடாது. படித்துக் காட்டும்போதுதான், “நான் அப்படிச் சொல்லலைங்க, பாத்தப்ப கண்ணு மூடியிருந்துச்சுன்னுதான் சொன்னேன்” என்று சாட்சி திருத்துவார். அந்தத் திருத்தத்தில் வழக்கே இருக்கும்.

துணைக்கு வந்த தொழிலாளி மெல்ல ஒரு கேள்வி கேட்டார்: அந்த நேரத்தில் மெஷின் ஓடியதா? கவுன்ட்டர் பதிவை வரவழைத்தேன். அந்த முப்பத்தைந்து நிமிடத்திலும் வழக்கமான எண்ணிக்கையில் பீஸ் இறங்கியிருந்தது. ஒவ்வொரு பீஸையும் கையால் மாட்டிக் கழற்ற வேண்டிய மெஷின் அது. தூங்கியது நிரூபணமாகவில்லை, திட்டியது நிரூபணம் என்று அறிக்கை கொடுத்தேன்.

மறுநாள் எச்.ஆர். ஹெட் போன் செய்தார். “சார், டிஸ்மிஸல் ஆர்டர் ரெடியா இருக்கு. ரெண்டும் புரூவ்டுனு வந்தாத்தானே நல்லாயிருக்கும்?” விசாரணை நடக்கும்போதே உத்தரவு தயாராக இருந்திருக்கிறது. 1971-ல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த 11ஏ பிரிவைப் பற்றி அவருக்குச் சொன்னேன். தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமில்லை என்று கோர்ட் கருதினால் அதை மாற்றலாம், பின்சம்பளத்தோடு ஆள் திரும்பி வந்து அதே சூப்பர்வைசர் முன்னால் நிற்பார் என்றேன். நாலு நாள் சஸ்பென்ஷனோடு முடித்தார்கள். என் பில் பல நினைவூட்டலுக்குப் பிறகு பாஸானது. அடுத்த விசாரணைக்கு வேறொருவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது பழைய 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிவிட்டார்கள், பிரிவு எண்களை நாங்கள் புதிதாக மனப்பாடம் செய்கிறோம். அந்த மாதிரி போன்கால்கள் மட்டும் பழைய எண்ணிலேயே வருகின்றன.

திருப்பூரில் வேலை வேறு மாதிரி. வெளிநாட்டு பையர் ஆடிட் அனுப்புவார். அதற்கு “ரெடி பண்ணிக் கொடுக்க” ஆலோசகர் வேண்டும். ரெடி பண்ணுவது என்றால் பல இடங்களில் இரண்டாவது ரெஜிஸ்டர். ஞாயிறு வேலையும் ராத்திரி ஓ.டி.யும் அதில் இருக்காது. ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில், ஒரு வருட மஸ்டர் எழுதப்பட்டிருப்பதை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பொங்கல் அன்றைக்கும் முழு ஹாஜர். அந்த வேலையை நான் எடுப்பதில்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர்தான் என் வாடிக்கையாளர்கள்.

அப்படி ஒரு பனியன் யூனிட்டில், 2013-ம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படியான உள்ளகக் குழுவைப் பார்க்கப் போயிருந்தேன். நோட்டீஸ் போர்டில் பட்டியல் அழகாக இருந்தது. தலைவர் என்று போட்டிருந்த பெண்மணி அக்கவுன்ட்ஸில் வேலை செய்கிறார். போய் விசாரித்தேன். “என் பேரா? எப்பங்க போட்டாங்க?” என்று எழுந்து வந்து என்னோடு சேர்ந்து போர்டைப் படித்தார். புகார்ப் பெட்டி தையல் ஹாலில், சூப்பர்வைசர் மேசைக்கு நேர் எதிரே தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு அந்தச் சூப்பர்வைசர் தன் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து ஆட்டினார்.

பெட்டியைப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் மாற்றினோம். சாவி அந்த அக்கவுன்ட்ஸ் அம்மாவிடம் போனது. வெளி உறுப்பினராக ஒரு பெண் வழக்கறிஞரைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் ஒன்றுமே வரவில்லை. பெட்டி காலி, எல்லாம் சுத்தம் என்று முதலாளிக்குச் சந்தோஷம். காலிப் பெட்டியை நான் நம்புவதில்லை. குழுவில் இருந்த ஒரு டெய்லர் அக்கா வழியாக ஹாஸ்டல் பெண்களோடு வழக்கறிஞரைத் தனியாக உட்காரவைத்தோம். நானும் முதலாளியும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் காகிதம் புகார்கூட இல்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் விளக்கு எரிவதில்லை, வேனில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்கிறார்கள் என்று இரண்டு வரி. விளக்கைப் போட்டார்கள். வேன் டிரைவர் மீது குழு விசாரணை தொடங்கியது.

போன மாதம் ஒரு முதலாளி கூப்பிட்டார். யூனிட்டில் ஆள் அதிகம், குறைத்துக் கொடுங்கள், மிச்சமாகிற சம்பளத்தில் இவ்வளவு சதவீதம் உங்களுக்கு என்றார். மொத்த ஃபீஸாகத்தான் வாங்குவேன், ஆள் அதிகமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்றேன். “அப்புறம் உங்களுக்கு என்னங்க இன்ட்ரஸ்ட் இருக்கும்?” என்று கேட்டார். கொட்டேஷனை அனுப்பிவைத்தேன். நாலு நாள் கழித்து அவர் மகன் பேசினார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லையாம், தனக்குப் பிடித்திருக்கிறதாம், வெள்ளிக்கிழமை வர முடியுமா என்றார். வெள்ளிக்கிழமை அந்தப் பனியன் யூனிட்டில் குழுக் கூட்டம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வருகிறேன், அப்பாவும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.